சுமை யார் தலையில்?

மருத்துவ உளவியல் படிக்க வருகிறவர்கள் முதல் ஆண்டிலேயே மனப்பாடம் செய்துவிடும் பட்டியல் ஒன்று உண்டு. ஒடுக்குதல், மறுத்தல், பிறர்மேல் ஏற்றுதல், இடம் மாற்றுதல், நியாயம் கற்பித்தல், பின்னோக்கிப் போதல், உயர்வழிப்படுத்தல் என்று அது நீளும். மனத் தற்காப்பு முறைகள் என்ற தலைப்பில் தேர்வில் கட்டாயம் ஒரு கேள்வி வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். மேலாளரிடம் திட்டு வாங்கியவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்து விழுந்தால் அது இடமாற்றம். எட்டாத பழம் புளிக்கும் என்று நரி சொன்னால் அது நியாயம் கற்பித்தல். அரசு மருத்துவமனைகளில் உளவியலாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது பயிற்சி மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். விடைத்தாள்களில் இன்றும் அதே மேலாளரும் அதே நரியும் வருகிறார்கள்.

அந்த விடைகளில் தவறில்லை. ஆனால் வார்டில் ஒரு மனிதருக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும்போது, இவர் செய்வதற்கு என்ன பெயர் என்பது அதிகம் உதவாத கேள்வி. இந்தத் தற்காப்பு யாரை எதிலிருந்து காக்கிறது, அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்று கேட்டுப் பார்த்த இடங்களில்தான் எனக்கு வழி தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்ட சில இடங்களைப் பற்றி எழுதுகிறேன். மனிதர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

பட்டியலாகப் படிக்கும்போது, இந்தக் கருத்து நோயாளிகளின் படுக்கையருகே பிறந்தது என்பது மறந்துபோகிறது. சிக்மண்ட் பிராய்ட் 1894இல் எழுதிய ஒரு கட்டுரையில்தான் தற்காப்பு என்பதை உளநரம்பு நோய்களின் மையத்தில் வைத்தார். மறு ஆண்டு ஜோசப் பிராயருடன் சேர்ந்து வெளியிட்ட 'ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகள்' நூலில் எலிசபெத் என்ற புனைபெயரில் 24 வயதுப் பெண்ணொருத்தி வருகிறாள். கால்வலியால் நடக்க முடியாமல் வந்தவள். எலும்பிலோ நரம்பிலோ அந்த வலியை விளக்கக்கூடிய கோளாறு எதுவும் தெரியவில்லை. நோயில் கிடந்த தகப்பனாருக்கு நெடுநாள் பணிவிடை செய்தவள் அவள். தினமும் காலையில் அவருடைய வீங்கிய காலைத் தன் வலது தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கட்டு மாற்றுவாள். பிறகு வலி தொடங்கியதும் சரியாக அந்த இடத்தில்தான்.

கதை அதோடு முடியவில்லை. அவளுடைய அக்காள் கர்ப்பமாக இருந்தபோது இதய நோயால் இறந்துபோனாள். சேதி கேட்டு ஓடிவந்து அக்காளின் உடலருகே நின்ற அந்தக் கணத்தில் எலிசபெத்தின் மனத்தில் ஓர் எண்ணம் மின்னி மறைந்தது: அத்தான் இனி தனியாள், என்னை மணந்துகொள்ளலாம். அந்த எண்ணத்தை அவளால் ஒரு நொடிகூடத் தாங்க முடியவில்லை. அது மனத்திலிருந்து போய்விட்டது, வலி தங்கிவிட்டது. பிராய்ட் அதை அவளிடம் எடுத்துச் சொன்னபோது அவள் அலறினாள். அந்த நிமிடமே வலி கடுமையாயிற்று. சிகிச்சையின் முடிவில் அவர் தாயாரிடமும் இதைப் பேசினார். தன் ரகசியத்தைச் சொல்லிவிட்டாரே என்று அவள் கொதித்துப்போனாள், வலி திரும்பவும் வந்தது. 1894ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஒரு நடன விருந்தில் அவள் விரைவாகச் சுழன்று ஆடிப்போனதைத் தாம் பார்த்ததாக பிராய்ட் எழுதுகிறார்.

இந்தக் கதையை நான் மாணவர்களுக்கு முழுதாகச் சொல்வேன். அந்த எண்ணத்தால் யாருக்கும் தீங்கு விளையவில்லை. துக்கத்தின் நடுவில் அப்படி ஓர் எண்ணம் யாருக்கும் வரலாம். அவளுக்கு அதைத் தாங்க முடியாததாக ஆக்கியது அவளுடைய சொந்த மனசாட்சி. ஆசையும் அவளுடையது, அதைத் தண்டிக்கும் நீதிபதியும் அவளே. இரண்டுக்கும் நடுவில் நின்று ஏதாவது ஏற்பாடு செய்தாக வேண்டிய நிலையிலும் அவளே இருந்தாள். பின்னாளில், 1923இல், பிராய்ட் இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னதன் உயிர் இந்தப் பெண்ணின் வலது தொடையிலேயே இருந்தது என்பது என் எண்ணம். 1926இல் அவர் இன்னொன்றையும் தெளிவாக்கினார். பதற்றம் என்பது உள்ளிருந்து வரும் அபாய அறிவிப்பு. அதைக் கேட்டுத்தான் ஈகோ தற்காப்பில் இறங்குகிறது. அதனால்தான் ஒருவருடைய தற்காப்பைக் கண்டவுடன் நான் அதன் பின்னால் உள்ள பயத்தைத் தேடுகிறேன். பயமில்லாத இடத்தில் தற்காப்புக்கு வேலையில்லை.

தந்தை ஆங்காங்கே சொல்லிச் சென்றதை ஒழுங்குபடுத்தி நூலாக்கியவர் அன்னா பிராய்ட். பள்ளி ஆசிரியையாக இருந்து உளப்பகுப்பாய்வுக்கு வந்தவர். 1936இல், தந்தையின் எண்பதாவது பிறந்த நாளையொட்டி, ஈகோவையும் அதன் தற்காப்பு முறைகளையும் பற்றிய தம் நூலைக் கொண்டுவந்தார். அதில் ஒன்பது முறைகளைக் கணக்கிட்டு, உயர்வழிப்படுத்தலைப் பத்தாவதாகச் சேர்த்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து வியன்னாவில் கெஸ்டபோ அவரை விசாரணைக்கு அழைத்துச் சென்றது. அன்று மாலைதான் விட்டார்கள். அதன் பிறகே குடும்பம் லண்டனுக்குப் புலம்பெயர்ந்தது. பயம் என்பதை ஏட்டில் மட்டும் படித்தவரில்லை அவர்.

அந்த நூலில் ஒரு சிறுமி வருகிறாள். இருட்டான கூடத்தைக் கடக்க அவளுக்குப் பயம், பேய் வருமென்று. ஒருநாள் விசித்திரமாகக் கைகால்களை ஆட்டிக்கொண்டு ஓடிக் கடந்துவிடுகிறாள். பிறகு தம்பிக்கும் ரகசியத்தைச் சொல்லித் தருகிறாள்: எதிரில் வரக்கூடிய பேய் நாம்தான் என்று நினைத்துக்கொண்டு போனால் பயமே இருக்காது. அச்சுறுத்துபவரோடு தன்னை ஒன்றாக்கிக்கொள்ளுதல் என்று இதற்குப் பெயர். படித்த காலத்தில் அழகான எடுத்துக்காட்டு என்று அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அது என்னவென்று புரிந்தது நாகப்பட்டினத்தில்தான்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது தமிழ்நாட்டிலேயே அதிகம் இழந்தது நாகை மாவட்டம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஒரே மாவட்டத்தில் இறந்துபோனார்கள். அடுத்த மாதம் ஒரு குழுவோடு நானும் அங்கே போனேன். தப்பிப் பிழைத்தவர்களைக் கல்யாண மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தங்க வைத்திருந்தார்கள். அக்கரைப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் இருந்த ஒரு மண்டபத்தின் முற்றத்தில் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. ஐந்தாறு பேர் கைகோர்த்து வரிசையாக நின்று 'ஏய்... வருது வருது' என்று கத்திக்கொண்டே ஓடி வருவார்கள். மற்ற பிள்ளைகள் சிதறி ஓட வேண்டும். தொடப்பட்டவர் தரையில் விழுந்து கிடக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் அலையாக இருக்கத்தான் சண்டை போட்டார்கள்.

தன்னார்வலர்களுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பாவம், மறக்கட்டும் என்று பந்தும் கலர் பென்சிலும் கொடுத்துத் திசை திருப்பினார்கள். ஒரு பாட்டி, 'செத்தவுகளை வச்சா வெளாடுறீக' என்று பிரம்பை எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய வலியும் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்த விளையாட்டைத் தடுக்காமல் விடச் சொல்லித்தான் எல்லோரிடமும் கெஞ்சினேன். கடல் வந்த அன்று அந்தப் பிள்ளைகளால் செய்ய முடிந்தது எதுவுமில்லை. விளையாட்டில் அவர்களே கடலாகிவிட்டார்கள். எப்போது வருவது, யாரைத் தொடுவது, எப்போது நிறுத்துவது எல்லாம் அவர்கள் கையில். தொடப்பட்டவர்கள் ஆட்டம் முடிந்ததும் எழுந்துகொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது அன்னா பிராய்ட், டோரதி பர்லிங்ஹாமுடன் சேர்ந்து லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்தினார். குண்டுவீச்சில் வீடிழந்த பிள்ளைகள் அங்கே குண்டு போடும் விளையாட்டைத்தான் விளையாடினார்கள். தகப்பனைப் பறிகொடுத்த நாலு வயதுச் சிறுவன் ஒருவன் காகித வீடுகள் செய்து அவற்றின்மேல் கோலிக்குண்டுகளைப் போடுவான். அவன் ஆட்டத்தில் மட்டும் ஆட்கள் எல்லோரும் தப்பித்துவிடுவார்கள், இடிந்த வீடெல்லாம் திரும்பக் கட்டப்பட்டுவிடும். அதனாலேயே ஆட்டம் முடிவில்லாமல் நீண்டது. பல மாதங்கள் கழித்துத் தன் தகப்பன் செத்துப்போனதை அவனே வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது நின்றது.

இந்தக் குறிப்பை நினைவில் வைத்துத்தான் நாங்கள் மண்டபங்களில் பார்த்தோம். விளையாட்டு நாளுக்கு நாள் மாறினால், படகு வந்தால், காப்பாற்றுகிறவர் வந்தால், விட்டுவிடலாம். மாறாமல் அதே இடத்தில் சுற்றினால் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். ஒரு சிறுவன் மட்டும் கடைசிவரை அலையாகவே இருந்தான். விழுந்து கிடப்பவனாக இருக்க ஒருநாளும் சம்மதிக்கவில்லை. அவன் கையிலிருந்துதான் தங்கை நழுவிப் போயிருந்தாள். அவனோடு எங்கள் குழுவிலிருந்த ஒரு தம்பி நாள் முழுக்கக் கூடவே திரிந்தார், எதையும் கேட்கவில்லை. அவன் பேசிய நாளில் கேட்க ஆள் இருந்தது.

அதற்கு நேர் எதிரான இடம் மதுவுக்கு அடிமையானவர்களின் வார்டு. அங்கே தற்காப்பு நோயாளியைக் காக்கிறது, சுமையோ முழுக்க வேறொருவர் தலையில். லோடுமேன் ஒருவர் வந்திருந்தார். 'நான் குடிகாரன் இல்லம்மா. மூட்டை தூக்குற உடம்பு, வலிக்கு ஒரு குவார்ட்டர், அவ்வளவுதான்' என்றார். மனைவியின் காதில் வேப்பங்குச்சி இருந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன், கடையடைக்கும் நேரத்தில் போய் அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வருவதை வேலையாக வைத்திருந்தான். நியாயம் கற்பித்தல் என்ற கருத்தை எர்னஸ்ட் ஜோன்ஸ் 1908இல் முன்வைத்தார். டாஸ்மாக் காலத்து வார்டில் ஒருநாள் உட்கார்ந்தவர் யாரும் அதை ஏற்கத் தயங்கமாட்டார்கள். வலிக்குக் குடிக்கிறேன், கவலைக்குக் குடிக்கிறேன், அவ பேசுற பேச்சுக்குக் குடிக்கிறேன்.

அந்தக் காரணங்கள் எல்லாம் பொய்யென்று நான் சொல்லவில்லை. வலி உண்மை, கவலையும் உண்மை. ஆனால் காரணமும் விளைவும் எந்த வரிசையில் வந்தன என்பதில்தான் சிக்கல். அமெரிக்க மனநல மருத்துவர் ஜார்ஜ் வைலண்ட் பல நூறு ஆண்களை இளமையிலிருந்து பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து வந்த ஆய்வுகளைக் கையிலெடுத்து 1983இல் ஒரு நூல் எழுதினார். குடிநோயாளிகள் தங்கள் குடிக்குக் காரணமாகச் சொல்லும் மனச்சோர்வும் குடும்பக் கலக்கமும் பெரும்பாலும் குடிக்குப் பின்னால் வந்தவை என்று அதில் காட்டினார். கதையைப் பின்னாலிருந்து சொல்லும்போது மனம் வரிசையை மாற்றிவிடுகிறது.

இதைத் தெரிந்துகொண்டவுடன் இளம் ஆலோசகர்கள் செய்வது, 'நீங்க மறுக்கிறீங்க, ஒத்துக்குங்க' என்று மல்லுக்கு நிற்பது. வீட்டார் எல்லோரையும் சுற்றி உட்கார வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் திட்ட வைக்கும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் தற்காப்பு இறுகத்தான் செய்யும். வில்லியம் மில்லர் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு மோதினாரோ அவ்வளவுக்கு அவ்வளவு குடிப்பவர் பிற்பாடு அதிகம் குடித்தார் என்று தெரியவந்தது. நான் அந்த லோடுமேனிடம் குடியைப் பற்றிப் பேசவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டேன். முன்பு ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை, இப்போது எத்தனை? மேஸ்திரி இப்போது எந்த வேலை கொடுக்கிறார்? அவர் தம் வேலையில் பெருமை உள்ளவர். கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, 'இப்ப என்னையவே ஒரு மூட்டையாட்டம் பய தூக்கிட்டு வர்றாம்மா' என்றார். அவர் வாயிலிருந்து வந்ததால்தான் அது நிலைத்தது. அடுத்த வாரமும் வந்தார். இடையில் மறுபடி குடித்தார், மறுபடியும் வந்தார். மனைவியையும் மகனையும் தனியாகப் பார்ப்பதற்கு நாங்கள் நேரம் ஒதுக்கினோம். சுமை அவர்கள் தலையில் இருக்கும்போது நோயாளியின் தற்காப்பு தானாகக் கழல்கிறவரை காத்திருங்கள் என்று அவர்களிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

குடியைப் பற்றிய அந்த நூலுக்கு முன்பே, 1977இல், வைலண்ட் தற்காப்புகளைப் படிநிலையாக அடுக்கிக் காட்டினார். 1938இல் தொடங்கிய ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்ட 268 ஹார்வர்டு மாணவர்களின் வாழ்க்கையிலிருந்து வந்த அடுக்கு அது. உலகத்தையே திரித்துக்கொள்ளும் முறைகள் அடியில். பிறர்மேல் ஏற்றுதல் போன்றவை அதற்கு மேல். ஒடுக்குதல் முதலானவை அதற்கும் மேல். உச்சியில் முதிர்ந்த தற்காப்புகள்: நகைச்சுவை, பிறர்க்கென வாழ்தல், வருவதை எண்ணி முன்கூட்டியே தயாராதல், தெரிந்தே ஒதுக்கி வைத்தல், உயர்வழிப்படுத்தல். எங்கள் தொழிலுக்குப் பெரிய கொடை இது. தற்காப்பு என்றாலே நோய் என்ற எண்ணத்தை மாற்றியது. ஆனால் அந்த உச்சிப்படியில் பிறர்க்கென வாழ்தலைக் கண்ட நாளிலிருந்து எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அந்த 268 பேரும் ஆண்கள். பிறருக்காக வாழும்படி யாரும் அவர்களை வளர்க்கவில்லை.

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஓர் அக்காள் என்னிடம் வந்தார். தகப்பன் இறந்தபோது அவருக்குப் பதினேழு வயது. தம்பி தங்கைகள் மூன்று பேரைப் படிக்க வைத்துக் கல்யாணம் கட்டிக் கொடுத்தார். தமக்குச் செய்துகொள்ளவில்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் திடீரென்று மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, விழுந்துவிடுகிறார். இ.சி.ஜி., எக்கோ எல்லாம் சரியாக இருந்தன. முதல்முறை எப்போது வந்தது என்று தேடிப் போனதில், கடைசித் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பட்டுச்சேலை எடுத்துக்கொண்டு போன நாளில் வந்து நின்றது. தங்கை பிரித்துப் பார்த்துவிட்டு, 'இந்தக் கலர் நான் கட்டமாட்டேங்க்கா, நீயே வச்சுக்கோ' என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அன்றிரவு விழுந்திருக்கிறார்.

அன்னா பிராய்டின் நூலில் இவரைப் போலவே ஒரு பெண் உண்டு. சிறுவயதில் அழகான உடையும் பிள்ளைகளும் வேண்டும் என்று துடித்தவர், வளர்ந்தபின் எளிமையாக உடுத்து, மணம் செய்யாமல், மற்றவர்களின் உடையிலும் காதலிலும் பிள்ளைகளிலும் உயிராக இருந்தார். தமக்கென்று வாய் திறக்காதவர், பிறருக்காகக் கேட்கும்போது மட்டும் ஆவேசமாகக் கேட்பார். தம் ஆசைகளை மற்றவர்களிடம் குடிவைத்துவிட்டு அங்கே அவை நிறைவேறுவதைப் பார்த்து வாழ்ந்தார் என்பது அன்னா பிராய்டின் விளக்கம். திருப்பூர் அக்காளின் சேலையை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அது தங்கைக்கு எடுத்த சேலை மட்டுமில்லை. அவர் உடுத்தாத எல்லாச் சேலையும் அதில் இருந்தது. 'நீயே வச்சுக்கோ' என்றபோது இத்தனை வருடமாக வெளியே குடிவைத்திருந்த ஆசை வீடு திரும்பிவிட்டது. அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அவரிடம் நான் இந்த விளக்கத்தைச் சொன்னதில்லை. நீங்கள் செய்த தியாகம் ஒரு தற்காப்பு என்று சொல்வது அவருடைய வாழ்க்கையை அவர் கையிலிருந்து பிடுங்குவதாகும். அவர் செய்தது அன்பும்தான், கடமையும்தான். மூன்று குடும்பங்கள் அதனால் நிற்கின்றன. பல மாதங்கள் பேசினோம். கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை. பி.எஃப். பணத்தைத் தம்பியின் கடைக்குப் போடாமல் தம் பெயரிலேயே வங்கியில் போட்டார். அதைச் சொல்லும்போது குரல் நடுங்கியது. மூச்சு முட்டுவது படிப்படியாகக் குறைந்தது.

இந்தக் கொள்கைக்கெல்லாம் சான்று என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். ராய் பாமைஸ்டரும் வேறு இருவரும் 1998இல் சமூக உளவியல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மறுத்தல், உணர்ச்சியைப் பிரித்து வைத்தல், எதிர்நிலை எடுத்தல் ஆகியவற்றுக்கு நல்ல ஆதரவு கிடைத்தது. இடமாற்றத்துக்குக் குறைவு, உயர்வழிப்படுத்தலுக்கு ஏறக்குறைய இல்லை. தற்காப்புகளை மதிப்பிடும் அளவுகோல் ஒன்று 1994இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் பின்னிணைப்பில் இருந்தது, 2013 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். பிராய்டின் எல்லாச் சொல்லும் வேதமென்று நான் நினைக்கவில்லை. மேலைநாட்டுச் சரக்கு நமக்குப் பொருந்தாது என்று ஒதுக்குகிறவர்களோடும் நான் இல்லை. கிரீந்திரசேகர் போஸ் 1921இலேயே ஒடுக்குதல் பற்றிய தம் ஆய்வு நூலை பிராய்டுக்கு அனுப்பி, மறு ஆண்டு கொல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். பிராய்டோடு கடிதத்திலேயே வாதாடியவர் அவர். நாமும் அப்படி வாதாடியே இதை எடுத்துக்கொள்ளலாம்.

என் வேலைக் காலத்தில் அதிக நாட்கள் கழிந்தது புற்றுநோய் வார்டில். மறுத்தல் என்ற சொல்லை அங்கே எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், பெரும்பாலும் தவறாக. மார்பில் கட்டியோடு ஒரு வருடம் தாமதமாக வரும் பெண்ணின் நோட்டில், நோயை மறுத்திருக்கிறார் என்று எழுதிவிடுகிறோம். கேட்டுப் பார்த்தால் வேறு கதை வரும். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. ஊரிலிருந்து வந்து போக இரண்டு நாள் கூலி போகும். ஆண் டாக்டரிடம் காட்ட மாமியார் சம்மதிக்கவில்லை. கட்டி இருப்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், தினமும் ராத்திரி தொட்டுப் பார்த்திருக்கிறார். வறுமைக்கும் அதிகாரமின்மைக்கும் உளவியல் பெயர் வைப்பது எங்கள் தொழில் செய்யக்கூடிய பெரிய அநியாயம். பேருந்துக் காசும் துணைக்கு ஓர் ஆளும் கிடைத்தால் வந்திருப்பாரா என்று முதலில் கேட்க வேண்டும். ஆம் என்றால் அங்கே நாம் தேட வேண்டிய தற்காப்பு எதுவுமில்லை.

உண்மையிலேயே மறுப்பவர்களும் உண்டு. அதைக் கலைக்கலாமா என்பதற்கு என்னிடம் ஓர் அளவு இருக்கிறது. எலும்பு முறிந்தவருக்கு மாவுக்கட்டு போடுகிறோம். கூடும்வரை அதை எடுக்கக் கூடாது. கூடிய பின்னும் விட்டுவைத்தால் தசை சூம்பிவிடும். சிகிச்சைக்கு வருகிறார், மருந்து சாப்பிடுகிறார், ஆனால் 'வெறும் கட்டிதாம்மா, சரியாயிரும்' என்கிறார் என்றால் அந்தக் கட்டை நான் தொடமாட்டேன். அறுவை சிகிச்சை வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகப் பார்க்கிறார் என்றால் பேசியாக வேண்டும். எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் சாகும் நோயாளிகளைப் பற்றி எழுதிய நூலில் மறுப்பு முதலிலும் ஏற்பு கடைசியிலும் வருவதால், எல்லோரையும் ஏற்பை நோக்கித் தள்ளிக்கொண்டு போவது ஒரு வழக்கமாகிவிட்டது. யாருக்கும் அந்தப் பயணத்துக்குக் காலக்கெடு கிடையாது. சிலர் கடைசிவரை போகாமலேயே நிம்மதியாக இறந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் மறுப்பு பெரும்பாலும் நோயாளி ஒருவருடையதாக மட்டும் இருப்பதில்லை. குடும்பமே சேர்ந்து செய்கிறது. வயிற்றில் புற்றுநோய் வந்த ஒரு பெரியவரின் மகன், ரிப்போர்ட்டை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். 'அப்பாவுக்குத் தெரியக் கூடாதும்மா. அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். தெரிஞ்சா அன்னைக்கே விழுந்துருவாரு.' அந்த மகன் வார்டில் சிஸ்டர்களோடு தினமும் சண்டை போட்டார். ராத்திரியெல்லாம் செல்போனில் புற்றுநோயை வெல்லும் பழங்களைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்தார். விழுந்துவிடும் நிலையில் இருந்தது அவர்தான். முதலில் அவரோடுதான் நான் உட்கார்ந்தேன்.

பெரியவர் என்னிடம் நோயைப் பற்றிப் பேசவேயில்லை. அல்சருக்குத் தயிர் சேர்க்கலாமா என்று கேட்டார். ஆனால் அந்தச் சில வாரங்களில் அவர் செய்தவற்றை மருமகள் சொன்னார். அடகில் இருந்த நகையை மீட்டார். அண்ணனோடு இருந்த வரப்புத் தகராறைப் பேசி முடித்தார். பேத்தியின் காதுகுத்தை ஆடிக்கு முன்னாலேயே வைக்கச் சொன்னார். வைலண்ட் உச்சியில் வைத்த 'தெரிந்தே ஒதுக்கி வைத்தல்' என்பதை இவ்வளவு சுத்தமாக நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒருநாள் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, 'உங்க வியாதியப் பத்தி என்கிட்ட ஏதாச்சும் கேக்கணுமாய்யா?' என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'பெரிய டாக்டர் எம்மகன்கிட்ட எத்தன மாசம்னு சொன்னாரு?' என்று கேட்டார். மகனையும் அழைத்து மூவருமாகப் பேசினோம். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து அழுதார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், மகன் சிஸ்டர்களோடு சண்டை போடுவதும் நின்றது.

எல்லோரும் அவரைப் போலக் கேட்பார்கள் என்று சொல்ல மாட்டேன். 'அதெல்லாம் எம்பொண்ணுக்கிட்ட சொல்லிருங்கம்மா, எனக்கு வேண்டாம்' என்று சொன்ன அம்மாள்களும் உண்டு. அதுவும் ஒரு முடிவு, அதை மதித்து நடந்தோம். நோயாளியிடம் கேட்காமல் அவர் சார்பில் முடிவெடுப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. வீட்டார் சொல்லும் 'அவர் தாங்கமாட்டார்' என்ற வார்த்தை பல நேரம் 'எங்களால் தாங்க முடியவில்லை' என்பதுதான். அவர்களுடைய தற்காப்பின் சுமை, யாரோடும் பேச வழியில்லாமல் கட்டிலில் படுத்திருப்பவர் தலையில் விழுகிறது.

ஆகவே மருத்துவர்களிடமும் குடும்பத்தாரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே, யாருக்கும் எதுவும் தெரியாத அந்த நாளில், நோயாளியைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்: 'முடிவு எப்படி வந்தாலும் உங்ககிட்ட நேரா சொல்லணுமா, இல்ல வீட்டுல யார்கிட்டயாவது சொன்னாப் போதுமா?' அவர் சொல்வதை நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறையும் கேளுங்கள், மனம் மாறியிருக்கலாம். ஐந்து நிமிடம் ஆகும் வேலை இது. ஓ.பி.யில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் இதைச் செய்ய முடியும்.